தொழில் தேர்வு: விதியா, இயல்பா, விருப்பமா?

கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுப்பது என்ற கேள்வி, மேற்பார்வைக்கு மதிப்பெண், கட்டணம், வேலைவாய்ப்பு ஆகிய மூன்றையும் கூட்டிக் கழிக்கும் கணக்காகத் தெரியும். அந்தக் கணக்குக்கு அடியில் மிகப் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. ஒருவர் செய்ய வேண்டிய தொழில் அவர் பிறக்கும்போதே வகுக்கப்பட்டதா? அவருடைய இயல்புக்குள்ளிருந்து கண்டெடுக்க வேண்டியதா? கடவுள் அழைத்துக் கொடுப்பதா? அவரே தேர்ந்தெடுப்பதால் மட்டும் அவருடையதாக ஆவதா? சமயங்களும் தத்துவ மரபுகளும் இந்த நான்கு விடைகளையும் சொல்லியிருக்கின்றன. எந்த விடையை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்து, பொருந்தாத பாடத்தை எடுத்துவிட்ட மாணவர் கடமை தவறியவரா, தன்னை அறியாதவரா, மறுபடியும் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவரா என்பதும் மாறுகிறது.

தமிழ்நாட்டில் இந்தத் தேர்வு இரண்டு முறை நிகழ்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்து பிளஸ் ஒன் சேரும்போது, சுமார் 15 வயதில், மாணவர் ஒரு குரூப்பை எடுக்கிறார். அறிவியலா, வணிகவியலா, கலையா, தொழிற்கல்வியா என்பது அப்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பிளஸ் டூ முடிவு வந்த பிறகு, 17 வயதில், இரண்டாம் தேர்வு வருகிறது. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று மொத்தம் 200க்கு கட்-ஆஃப் கணக்கிடப்பட்டு, அதன்படி தரவரிசை போடப்படுகிறது. தரவரிசையில் முன்னால் இருப்பவர் முதலில் தேர்ந்தெடுக்கிறார். பின்னால் வருபவருக்கு எஞ்சியதே கிடைக்கிறது. வாழ்நாள் முழுவதும் செய்யப்போகும் வேலையைப் பற்றி அந்த வேலையைச் செய்து பார்த்திராத வயதில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பழைய மரபுகளின் விடைகளை இந்த நெருக்கடியில் வைத்துத்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

பிறப்பு வகுத்த தொழில்

பிறப்பே தொழிலைத் தீர்மானிக்கிறது என்பது இந்தியச் சமூகத்தில் நீண்ட காலம் ஆட்சி செய்த விடை. இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது பகவத் கீதையின் சுவதர்மக் கருத்து. பிறருடைய கடமையைச் சிறப்பாகச் செய்வதைவிடத் தன் கடமையைக் குறையோடு செய்வதே மேல் என்று மூன்றாம் அத்தியாயமும் பதினெட்டாம் அத்தியாயமும் கூறுகின்றன. அந்தப் பதினெட்டாம் அத்தியாயமே நால்வகைக் கடமைகளும் இயல்பில் பிறந்த குணங்களின்படி பிரிக்கப்பட்டவை என்றும் சொல்கிறது. குலத்தைக் குறிப்பதாக ஒரு சாராரும், ஒவ்வொருவரின் குணத்தைக் குறிப்பதாக இன்னொரு சாராரும் இதை விளக்கியிருக்கிறார்கள். வரலாற்றில் நடைமுறையாக நிலைத்தது முதல் விளக்கமே.

இதற்கு மிகக் கூர்மையான மறுப்பு அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் இருக்கிறது. சாதியை வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்துவோருக்கு, அது வேலை செய்வோரையே படிநிலைகளாகப் பிரித்து வைப்பது என்று அவர் பதில் கூறினார். அவர் காட்டிய குற்றம் பொருளாதாரத்தோடு நிற்கவில்லை. ஒருவரின் திறமையையும் விருப்பத்தையும் கேட்காமல், பெற்றோரின் சமூக நிலையை வைத்து முன்கூட்டியே தொழிலை ஒதுக்கும்போது, மனமும் அறிவும் ஒட்டாத வேலையில் மனிதர் காலம் தள்ள நேர்கிறது. அப்படிச் செய்யப்படும் வேலை செய்பவரையும் கெடுக்கிறது, வேலையையும் கெடுக்கிறது.

சென்னை மாநிலத்தில் இந்த விவாதம் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடந்தது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியைப் பள்ளியிலும் மறுபகுதியைப் பெற்றோரின் தொழிலைக் கற்பதிலும் கழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்த்தவர்கள் அதற்குக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே வரலாற்றில் நிலைத்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. பெற்றோரின் தொழிலைப் பிள்ளை கற்பதில் இழிவு எதுவும் இல்லை. வேறொன்றைக் கற்கும் வழியை அந்தத் தொழிலே அடைத்துவிடக் கூடாது என்பதுதான் அந்த எதிர்ப்பின் உள்ளீடு. தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு மாணவருக்கு இன்று இயல்பானதாகத் தோன்றினால், அது போராடிப் பெற்ற இயல்பு.

பக்தி மரபு இதில் ஓர் இடைநிலையை வகிக்கிறது. பெரியபுராணம் போற்றும் அறுபத்து மூன்று நாயன்மார்களில் குயவரான திருநீலகண்டரும், வேடரான கண்ணப்பரும், மீனவரான அதிபத்தரும், துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரும் இருக்கிறார்கள். அருளுக்கு எந்தத் தொழிலும் தடையில்லை என்று அந்தக் காவியம் உறுதியாகச் சொல்கிறது. குயவர் வீட்டுப் பிள்ளை வேறு தொழிலுக்குப் போகலாமா என்ற கேள்வி அதன் எல்லைக்குள் எழவில்லை. ஒரு வேலைக்கு உரிய மதிப்பும், அந்த வேலையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் இரண்டு தனித்தனிப் பொருள்கள். முதலாவது கிடைத்த இடத்தில் இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது.

இயல்பைக் கண்டறிதல்

இரண்டாவது விடை, ஒவ்வொருவருக்கும் ஓர் இயல்பு உண்டு, அதற்கேற்ற தொழிலும் உண்டு என்பது. பிளேட்டோவின் ‘குடியரசு’ இந்த அடித்தளத்தின் மேல்தான் ஒரு நகரத்தையே கட்டுகிறது. ஒருவர் தம் இயல்புக்கேற்ற ஒரு வேலையைச் செய்தால் நகரமும் சிறக்கும், நீதியும் நிலைக்கும் என்கிறது அது. ஆன்மாக்களில் பொன், வெள்ளி, இரும்பு, வெண்கலம் கலந்திருப்பதாக ஒரு கதையையும் அது சொல்கிறது. வெண்கலப் பெற்றோருக்குப் பொன்பிள்ளை பிறக்கலாம். அப்போது ஆள்பவர்கள் அந்தப் பிள்ளையை உரிய இடத்துக்கு உயர்த்த வேண்டும் என்பதும் அந்தக் கதையின் பகுதி. இயல்பு என்ற விடை, பிறப்பு என்ற விடையிலிருந்து பிரியும் இடம் இதுவே.

திருக்குறளும் இதே பொருளை ஆள்பவரின் பக்கத்திலிருந்து பார்க்கிறது. ‘தெரிந்து வினையாடல்’ என்ற 52ஆம் அதிகாரம், ஒருவருடைய தன்மையை ஆராய்ந்து, அவரால் முடிவதை அறிந்து, வேலையை அவரிடம் விட வேண்டும் என்கிறது. இன்றைய தொழில் வழிகாட்டல் துறையும் இந்த எண்ணத்திலிருந்தே தொடங்கியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் நிறுவிய வழிகாட்டல் அலுவலகம், தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்ற மூன்று படிகளை வகுத்தது. பள்ளிகளில் நடத்தப்படும் நாட்டத் தேர்வுகள் அந்த வழியில் வந்தவை.

இந்த விடையின் பலம், விருப்பத்தையும் திறமையையும் மதிப்பது. பலவீனம், இயல்பு முழுமையாக உருவாகி உள்ளே காத்திருப்பதாக எண்ணுவது. 15 வயதில் ஒருவருக்குத் தெரியும் ‘இயல்பு’ பெரும்பாலும் அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களின், பார்த்த ஊரின், கேள்விப்பட்ட தொழில்களின் நிழல். புவியமைப்பியல் என்ற படிப்பையே கேள்விப்படாத மாணவருக்குப் பாறைகளின் மேல் ஆர்வம் இருக்கிறதா என்பது எப்படித் தெரியும்? கணக்கு வராது என்று சொல்லிக்கொள்ளும் பெண், நல்ல கணித ஆசிரியர் வாய்க்காதவராக இருக்கலாம். இயல்பைத் தேடச் சொல்வது நேர்மையானதாக இருக்க வேண்டுமானால், அது வெளிப்படுவதற்கான வாய்ப்புகளை முதலில் கொடுத்திருக்க வேண்டும்.

அழைப்பைக் கேட்டல்

மூன்றாவது விடை சமயத்தின் இதயத்திலிருந்து வருகிறது: கடவுள் ஒவ்வொருவரையும் ஒரு பணிக்கு அழைக்கிறார். இந்தக் கருத்தின் வரலாற்றில் ஒரு மாணவரின் கதை உண்டு. மார்ட்டின் லூதர் 1505இல் எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கத் தொடங்கினார். மகன் வழக்கறிஞர் ஆக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. அந்த ஆண்டு ஜூலையில் ஸ்டோட்டர்ன்ஹைம் என்ற ஊருக்கு அருகே இடிமின்னலில் சிக்கிய லூதர், உயிர் பிழைத்தால் துறவியாவதாகப் புனித அன்னாளிடம் நேர்ந்துகொண்டார். இரண்டு வாரத்தில் மடத்தில் சேர்ந்தார். தந்தைக்குக் கடும் கோபம்.

அதே லூதர் பிறகு துறவற நேர்ச்சைகளையே மறுத்தார். அதுவரை ‘அழைப்பு’ என்ற சொல் பெரும்பாலும் குருக்களுக்கும் துறவிகளுக்கும் உரியதாக இருந்தது. செருப்புத் தைப்பவரும், வீட்டு வேலை செய்யும் பெண்ணும், நகராட்சி அலுவலரும் அழைக்கப்பட்டவர்களே என்று அவர் போதித்தார். தொழில் என்பதற்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் ‘பெரூஃப்’ என்ற சொல்லில் அழைப்பு என்ற பொருளும் கலந்திருப்பதற்கு அவருடைய விவிலிய மொழிபெயர்ப்பு ஒரு முக்கியக் காரணம் என்று மாக்ஸ் வெபர் 1904-05இல் எழுதிய ஆய்வில் காட்டினார். அன்றாட வேலைக்கு அது புனிதத்தைக் கொடுத்தது. ஆனால் அழைக்கப்பட்ட நிலையிலேயே ஒவ்வொருவரும் இருக்கட்டும் என்ற வலியுறுத்தலும் அதனுடன் வந்தது. தொழிலை மாற்ற நினைப்பவருக்கு அந்த அழைப்பே சுவராகவும் ஆனது.

அழைப்பை எப்படி அறிவது என்ற கேள்விக்கு மிக நுணுக்கமான முறையை வகுத்தவர் லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்டுப் படுத்திருந்த அந்தப் படைவீரர், தம் கற்பனைகளையே கவனித்தார். வீரதீரப் பகற்கனவுகள் அந்த நேரத்தில் இனித்தன. கலைந்ததும் மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழும் எண்ணம் கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. இந்த வேறுபாட்டிலிருந்து அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ வளர்ந்தது. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் அதற்கு ஒப்புதல் அளித்தார். சென்னை லயோலா கல்லூரி முதல் பல இயேசு சபைக் கல்வி நிலையங்களின் வேர் அந்த நூலில் இருக்கிறது. முடிவெடுக்க வேண்டியவர் தராசின் முள்போல எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கப் பழக வேண்டும் என்று அது சொல்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன அறிவுரை சொல்வோம் என்று நினைத்துப் பார்க்கச் சொல்கிறது. மரணப் படுக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தால் எந்த முடிவு நன்றாகத் தெரியும் என்றும் கேட்கச் சொல்கிறது. நம்பிக்கை இல்லாதவருக்கும் இந்த இரண்டு கேள்விகள் பயன்படும்.

இஸ்லாத்தில் முக்கிய முடிவுகளுக்கு முன் இஸ்திகாரா தொழுகை உண்டு. இரண்டு ரக்அத் தொழுது, இந்தக் காரியம் நன்மையானால் எளிதாக்கு, தீமையானால் விலக்கிவிடு என்று இறைவனிடம் வேண்டுவது அது. அறிந்தவர்களோடு கலந்தாலோசிப்பதையும் மார்க்கம் வலியுறுத்துகிறது. தொழுகை, விசாரிக்கும் உழைப்புக்கு மாற்றாக வைக்கப்படவில்லை.

உலகத்தின் தேவை

இதுவரை கண்ட விடைகள் தேர்ந்தெடுப்பவரையே மையமாகக் கொண்டவை. ‘எனக்கு எது பொருந்தும்’ என்பதற்கு முன் ‘உலகத்துக்கு எது வேண்டும்’ என்று கேட்கும் மரபும் உண்டு. இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில், மருத்துவமும் கணக்கும் சமூகத்தின் மேல் விழுந்த கூட்டுக் கடமைகள் என்று வகுத்தார். யாரும் செய்யாவிட்டால் அந்தக் குறை எல்லோரையும் சேரும். மருத்துவர்கள் போதாத ஊர்களிலும் மாணவர்கள் சட்டக் கல்வியிலேயே குவிவதை அவர் கண்டித்தார். பதவியும் செல்வாக்கும் அந்த வழியில் கிடைத்ததே காரணம் என்றார். 1111இல் மறைந்த ஒருவரின் இந்தக் கண்டனம், ஒரே பாடப்பிரிவுக்கு எல்லோரும் முண்டியடிக்கும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும்.

ஜெர்மனியின் டிரியர் நகரில் 1835ஆம் ஆண்டு பள்ளி இறுதித் தேர்வில், தொழிலைத் தேர்ந்தெடுப்பது பற்றி 17 வயது மாணவர் ஒருவர் கட்டுரை எழுதினார். அவர் கார்ல் மார்க்ஸ். மனிதகுலத்தின் நன்மையும் தன் நிறைவும் ஒன்றோடொன்று மோதுபவை என்று கருத வேண்டியதில்லை, பிறருக்காக உழைப்பதில்தான் மனிதர் நிறைவடைகிறார் என்று அதில் வாதிட்டார். நாம் முடிவெடுக்கும் நிலையை அடையும் முன்பே சமூகத்தில் நம் இடம் ஓரளவு முடிவாகத் தொடங்கிவிடுகிறது என்றும் எச்சரித்தார். பிறகு தந்தையின் விருப்பப்படி பான் நகருக்குச் சட்டம் படிக்கப் போய், மெல்லத் தத்துவத்துக்கு நகர்ந்தார்.

இந்த மரபின் இன்றைய வடிவம் ஆக்ஸ்ஃபோர்டில் 2011இல் தொடங்கிய ‘80,000 மணிநேரம்’ அமைப்பு. வாரம் 40 மணி, ஆண்டுக்கு 50 வாரம், 40 ஆண்டு என்று பெருக்கினால் வரும் உழைப்புக் காலம் அது. அந்தக் காலத்தால் உலகுக்கு அதிகபட்ச நன்மை எப்படி விளையும் என்று கணக்கிடச் சொல்கிறது அந்த அமைப்பு. இத்தகைய கணக்கின் எல்லையை ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973லேயே ஓர் எடுத்துக்காட்டால் காட்டியிருந்தார். ஜார்ஜ் என்ற வேதியியலாளருக்கு வேலை இல்லை. சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். இரசாயன ஆயுத ஆய்வுக்கூடம் ஒன்றில் இடம் கிடைக்கிறது. அவர் அந்த ஆயுதங்களை எதிர்ப்பவர். மறுத்தால், தயக்கமே இல்லாத இன்னொருவர் அதே இடத்துக்கு வந்து ஆய்வை இன்னும் வேகமாக நடத்துவார். வேலையை ஏற்பதே நன்மை என்று கணக்கு சொல்லும். ஆனால் ஒரு மனிதரின் வாழ்வுக்கு உயிர்கொடுக்கும் பற்றுகளைக் கழற்றி எறியச் சொல்லும் கணக்கு, அந்த மனிதரையே மறந்துவிடுகிறது என்றார் வில்லியம்ஸ்.

செய்யத் தகாதவை

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மரபுகள் வேறுபட்டாலும், எதை விலக்குவது என்பதில் அவை தெளிவாகப் பேசுகின்றன. பௌத்தத்தின் எண்வழி மார்க்கத்தில் நல்வாழ்க்கைத் தொழில் ஓர் உறுப்பு. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வணிகத்தை இல்லறத்தார் விலக்க வேண்டும் என்று அங்குத்தர நிகாயம் கூறுகிறது. சமணம் இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களைப் பட்டியலிடுகிறது. பட்டியல்களின் ஒவ்வொரு பொருளையும் இன்று எல்லோரும் ஏற்க மாட்டார்கள். கேள்வி அப்படியே நிற்கிறது: சம்பளம் எங்கிருந்து வருகிறது, அதற்காக யார் துன்பப்படுகிறார்கள்? பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது வேலைவாய்ப்பை விசாரிக்கும் மாணவர், அந்த வேலை யாருக்கு என்ன செய்கிறது என்பதையும் விசாரிப்பது அறத்தின் முதல் படி.

தேர்வின் சுதந்திரமும் குடும்பத்தின் கடனும்

நான்காவது விடை இருத்தலியத்துடையது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சார்த்தர் 1945இல் பாரிஸில் ஆற்றிய உரையில், போர்க்காலத்தில் தம்மிடம் வந்த ஒரு மாணவரைப் பற்றிச் சொன்னார். அண்ணன் போரில் இறந்துவிட்டார். தாய் இந்த ஒரு மகனை நம்பியே வாழ்கிறார். இங்கிலாந்துக்குப் போய் விடுதலைப் படையில் சேர்வதா, தாயோடு இருப்பதா? சமய நூலோ அறநூலோ இந்த முடிவை அவருக்காக எடுத்துத் தராது என்பது சார்த்தரின் வாதம். யாரிடம் அறிவுரை கேட்பது என்று தேர்ந்தெடுப்பதே பாதி முடிவுதான். நீங்கள் சுதந்திரமானவர், தேர்ந்தெடுங்கள் என்பதே அவர் தந்த பதில்.

அந்தப் பதிலில் உண்மை உண்டு, குறையும் உண்டு. தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பிறர் தலையில் ஏற்ற முடியாது என்பது உண்மை. தேர்ந்தெடுப்பவர் தனியாள் என்பது முழு உண்மை ஆகாது. முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் போகும் மாணவரின் பின்னால், அடகு வைத்த நகையும், கல்விக் கடனும், படிப்பை நிறுத்திக்கொண்ட அக்காவும் இருக்கக்கூடும். அவருக்குக் குடும்பம் வெளியிலிருந்து அழுத்தும் சக்தியாக மட்டும் இருப்பதில்லை. நன்றிக்கடனாக உள்ளேயும் இருக்கிறது. தனக்குப் பிடித்த வரலாற்றை விட்டு, விரைவில் சம்பளம் தரும் செவிலியர் படிப்பை எடுக்கும் பெண், தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. தெரிந்து ஏற்ற கடமை சுதந்திரத்தின் ஒரு வடிவமே. பிள்ளையின் கருத்தைக் கேட்காமலே அந்தக் கடமையைச் சுமத்துவதுதான் சுதந்திரத்தைப் பறிப்பது. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ‘உனக்கு என்ன தோன்றுகிறது’ என்ற கேள்வி வீட்டில் கேட்கப்பட்டதா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

தத்துவ அறிஞர் எல்.ஏ. பால் 2014இல் வெளியிட்ட ‘உருமாற்றும் அனுபவம்’ என்ற நூல் இன்னொரு சிக்கலைக் காட்டியது. சில அனுபவங்கள், அவற்றைப் பெறுபவரின் விருப்பங்களையே மாற்றிவிடும். அத்தகைய முடிவை, மாறுவதற்கு முன் இருக்கும் விருப்பங்களை வைத்து எடைபோட முடியாது. பிள்ளை பெறுவது அவர் தந்த முதன்மையான எடுத்துக்காட்டு; தொழில் தேர்வுக்கும் அது பொருந்தும். ஐந்தரை ஆண்டு மருத்துவம் படித்து முடிப்பவர், அதைத் தேர்ந்தெடுத்த 17 வயது ஆள் இல்லை. படிப்பு பாடத்தை மட்டும் புகட்டுவதில்லை, படிப்பவரையும் உருவாக்குகிறது.

வேலைக்குள் வளரும் அழைப்பு

இந்தச் சிக்கலிலிருந்தே ஒரு தெளிவும் பிறக்கிறது. படிப்பவரைப் படிப்பு உருவாக்குகிறது என்றால், அழைப்பை முன்கூட்டியே முழுவதும் கேட்டுவிட வேண்டும் என்ற சுமை மாணவர் மேல் இல்லை. சர் சி.வி. ராமன் 1907இல் இந்திய நிதித் துறைத் தேர்வில் வென்று, கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காயராகச் சேர்ந்தார். அறிவியலை நம்பி வாழும் வழி அன்று இந்தியருக்கு அரிது. அலுவலகம் முடிந்த நேரங்களில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். பத்து ஆண்டு கழித்து, 1917இல், அரசு வேலையை விட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை ஏற்றார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். முதல் தேர்வு அவரை முடித்துவிடவில்லை. அந்தப் பத்து ஆண்டு மாலைகளில்தான் அடுத்த தேர்வுக்கான உறுதி திரண்டது.

இஞ்ஞாசியாரின் நூலும் மாற்ற முடியாத தேர்வுகளையும் மாற்றக்கூடிய தேர்வுகளையும் பிரித்தே பேசுகிறது. மாற்றக்கூடியதைச் சரியாகத் தேர்ந்திராதவர் மறுபடி முறையாகத் தேர்வது நல்லது என்கிறது. திருக்குறள் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொல்லி, 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில் தளராத முயற்சி அந்த ஊழையும் புறங்காட்டச் செய்யும் என்கிறது. இரண்டும் ஒரே நூலில் இருப்பதில் முரண் இல்லை. தரவரிசை எண் எதுவாக வரும் என்பது முழுவதும் மாணவர் கையில் இல்லை. வந்த இடத்தில் என்ன செய்வது என்பது அவர் கையில் இருக்கிறது.

‘குடியரசு’ நூலின் இறுதியில் பிளேட்டோ சொல்லும் எர் என்பவரின் கதை, கலந்தாய்வு நாளுக்கென்றே எழுதப்பட்டதுபோல இருக்கும். மறுபிறவிக்குக் காத்திருக்கும் ஆன்மாக்கள் சீட்டு எடுத்து, வரிசைப்படி வாழ்க்கைகளைத் தேர்ந்தெடுக்கின்றன. கடைசியாக வருபவருக்கும் யோசித்துத் தேர்ந்தால் நல்ல வாழ்க்கை உண்டு, முதலில் வருபவரும் கவனமாக இருக்கட்டும் என்று அறிவிப்பு வருகிறது. முதல் சீட்டு பெற்ற ஆன்மா பாய்ந்துபோய் மாபெரும் கொடுங்கோலனின் வாழ்க்கையை எடுக்கிறது. அதற்குள் இருக்கும் கொடுமைகளைப் பிறகே பார்த்து, தன்னைத் தவிர எல்லோரையும் பழிக்கிறது. ஒடிசியஸின் ஆன்மாவுக்குக் கடைசிச் சீட்டு. அது நெடுநேரம் தேடி, மற்றவர்கள் ஒதுக்கிவிட்டுப் போன ஓர் எளிய மனிதரின் வாழ்க்கையைக் கண்டெடுத்து, முதல் சீட்டு கிடைத்திருந்தாலும் இதையே எடுத்திருப்பேன் என்று மகிழ்கிறது.

அந்தக் கதையில் தேர்வு ஒரே ஒரு முறை. மனித வாழ்வில் அது மறுபடியும் மறுபடியும் வருகிறது, வரவும் வேண்டும். ஆகவே இந்தக் கேள்வியில் கடமை இரு பக்கமும் இருக்கிறது. மாணவர், பிறர் ஓடும் திசையைப் பார்த்து ஓடாமல், தம் நாட்டத்தையும், வீட்டின் நிலையையும், வேலையால் உலகுக்கு விளையும் நன்மை தீமையையும் நேர்மையாக விசாரித்துத் தேர்வது அவருடைய கடமை. பிறப்பாலோ, ஒரு நாள் தேர்வில் குறைந்த ஐந்து மதிப்பெண்ணாலோ, 15 வயதில் எடுத்த குரூப்பாலோ அவருக்கு முன் உள்ள கதவு நிரந்தரமாகச் சாத்தப்படாமல் பார்த்துக்கொள்வது சமூகத்தின் கடமை.